பச்சைச் சோளம்: வாங்கிய அன்றே இனிக்கும்

போன பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் கேமரன் மலைக்குப் போய் வந்தோம். போகிற எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஸ்ட்ராபெரி பறித்தோம், தேயிலைத் தோட்டத்தில் படம் பிடித்துக்கொண்டோம், சந்தை நெரிசலில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் பச்சைச் சோளத்தைக் கண்டதும் என் கணவர் காரை நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்குமே என்று பத்துக் கருது வாங்கினோம்.

கிள்ளான் வந்து சேர இரவு பதினொன்று. தூங்கிய பிள்ளைகளைத் தூக்கிப் போவதா, சாமான்களை இறக்குவதா என்ற குழப்பத்தில் சோளம் காரின் பின்பெட்டியிலேயே தங்கிவிட்டது. மறுநாள் முழுக்க வெயிலில் நின்ற காரில் அது வெந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம்தான் ஞாபகம் வந்து, வழக்கம்போல் பெரிய பானையில் உப்புப் போட்டு அரை மணி நேரம் அவித்தேன்.

பிள்ளைகள் இரண்டு கடி கடித்துவிட்டு கைப்பேசிக்குப் போய்விட்டார்கள். அம்மா ஒரு கருதை எடுத்து ஒரு கடி கடித்தார். மெதுவாகத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நல்லாதாம்மா இருக்கு. எனக்குத்தான் சீனி ஏறிடும். பிள்ளைங்களுக்குக் கொடு."

எனக்குக் கோபம் சோளக்காரர் மீது வந்தது. பழைய சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு அவர் மேல் இல்லை. அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். கூடவே, அந்தச் சோளத்தால் எனக்குத் தெரியவந்த இன்னொரு விஷயத்தையும்.

இனிப்பு எங்கே போகிறது?

சோள முத்து என்பது ஒரு விதை. செடியிலிருந்து ஒடித்த பிறகும் அதற்கு உயிர் இருக்கிறது. முளைப்பதற்கான உணவைச் சேர்த்து வைப்பதுதான் விதையின் வேலை. அதனால் தன்னிடம் இருக்கும் சர்க்கரையை அது கொஞ்சம் கொஞ்சமாக மாவுச்சத்தாக மாற்றிக்கொண்டே இருக்கும். சூடு கூடக்கூட இந்த வேலை வேகமாக நடக்கும். காலையில் இனித்த கருது மறுநாள் மாவு மாவாகச் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம். என் கார் பின்பெட்டியில் நடந்ததும் இதுதான்.

இப்போது சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இனிப்பு அதிகமுள்ள ரகங்கள். இவை பழைய ரகங்களைவிட மெதுவாகத்தான் இனிப்பை இழக்கும். நம் நாட்டு மார்டி ஆய்வுக் கழகம் உருவாக்கிய ஒரு ரகத்தின் பெயர் 'மாஸ்மாடு'. தமிழ்க் காதுக்கு எப்படிக் கேட்டாலும் சரி, மலாயில் 'மாஸ்' என்றால் தங்கம், 'மாடு' என்றால் தேன். இந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டு இளையவன் இன்னமும் உருண்டு உருண்டு சிரிப்பான்.

எந்த ரகமானாலும் விதி ஒன்றுதான்: வாங்கிய அன்றே சமையுங்கள். முடியாவிட்டால் மட்டையை உரிக்காமல், பிளாஸ்டிக் பையில் போட்டு குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ முடித்துவிடுங்கள். பாசார் மாலாமில் வாங்குவதென்றால் கடைசியாக வாங்குங்கள். சோளத்தை முதலில் வாங்கி, ஒரு மணி நேரம் பையில் தூக்கிக்கொண்டு சுற்ற வேண்டாம்.

பார்த்து வாங்க

கடையில் நின்று மட்டையை உரித்துப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். கடைக்காரர் முறைப்பது ஒருபுறம் இருக்கட்டும், உரித்துவிட்டால் முத்துகளும் சீக்கிரம் காய்ந்துவிடும். உரிக்காமலே மூன்று இடத்தைப் பாருங்கள்.

மட்டை பச்சையாக, கருதோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். நுனியில் தொங்கும் குஞ்சம் பழுப்பாக, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். கறுத்து நொறுங்கினால் பழசு. அடியில் ஒடித்த காம்பு ஈரமாக வெளிறியிருக்க வேண்டும். காய்ந்து பழுப்பேறியிருந்தால் ஒடித்துப் பல நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். கடைசியாக, மட்டைக்கு மேலேயே விரலால் அடியிலிருந்து நுனிவரை அழுத்திப் பாருங்கள். முத்துகள் நுனிவரை நிறைந்திருப்பது கையிலேயே தெரியும்.

பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு: உரித்த கருதில் எத்தனை வரிசை என்று எண்ணச் சொல்லுங்கள். 12, 14, 16 என்று இரட்டைப்படையில்தான் வரும். குஞ்சத்தின் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு முத்துக்குப் போகிறது. எந்த நூல் வழியாக மகரந்தம் போய்ச் சேரவில்லையோ அங்கே முத்து இருக்காது. பொக்கை வாய் மாதிரி இடைவெளி விழுந்த கருதுகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

ஐந்து நிமிடம் போதும்

நான் செய்த இரண்டாவது தப்பு, அரை மணி நேரம் அவித்தது. நம் வீடுகளில் முற்றிய நாட்டுச் சோளத்தை அப்படித்தான் அவித்தார்கள். அந்தப் பழக்கம் கைவிடவில்லை. இளசான இனிப்புச் சோளத்துக்கு அது வேண்டாம். நீண்ட நேரம் வெந்தால் இனிப்பு தண்ணீரில் இறங்கிவிடும், முத்தின் தோலும் தடித்துப்போகும்.

அடுப்பில்: தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு உரித்த கருதைப் போடுங்கள். நாலைந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். உப்பைத் தண்ணீரில் போட வேண்டாம், சாப்பிடும்போது தடவிக்கொள்ளலாம்.

மைக்ரோவேவில்: வேலை முடிந்து ஏழரைக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு இதுதான் சுலபம். மட்டையோடு ஒரு கருதை வைத்து நாலு நிமிடம் ஓட விடுங்கள். இரண்டு நிமிடம் ஆறட்டும். பிறகு துணியால் பிடித்து, காம்புப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டு, குஞ்சப் பக்கத்தைப் பிடித்து உதறினால் கருது மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். குஞ்சம் மட்டையோடு நின்றுவிடும். உள்ளே ஆவி கடுமையாக இருக்கும், பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள்.

அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளையவர்களுக்கு: சோற்றுப் பானையின் மேல்தட்டு இருக்கிறதல்லவா? சோறு பாதி வெந்ததும் அதில் இரண்டாக உடைத்த கருதை வையுங்கள். சோறு ஆகும்போது சோளமும் ஆகியிருக்கும்.

சுட்டுச் சாப்பிட: எரிவாயு அடுப்பின் நடுத்தரத் தீயில், உரித்த கருதை இடுக்கியால் திருப்பித் திருப்பி ஏழெட்டு நிமிடம் சுடுங்கள். முத்து வெடித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஏர் பிரையரில் என்றால் லேசாக எண்ணெய் தடவி 200 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பாதி கஸ்தூரி எலுமிச்சையை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டு, சுடச்சுட இருக்கும் கருதின் மேல் தேய்த்துக் கொடுங்கள். வெண்ணெய் யாரும் கேட்க மாட்டார்கள்.

அம்மாவின் சீனி

இந்தப் பாடங்களைக் கற்றுக்கொண்டு அடுத்த சனிக்கிழமை காலைச் சந்தையில் நாலு கருது வாங்கினேன். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். அம்மாவை மாதாந்திரப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது, அங்கிருந்த உணவியல் நிபுணரிடம், "இனிப்புநீர் இருப்பவர்கள் சோளம் சாப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா. ஆனா அதைக் காய்கறியா நினைக்காதீங்க, சோறா நினைங்க" என்றார் அவர்.

கணக்கு இப்படி: அரை கப் சோள முத்தில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கப் சோற்றில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, சோளம் சாப்பிடும் வேளையில் அதற்கு ஈடாகச் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சோற்றோடு சேர்த்துச் சோளம் என்றால் சீனி ஏறத்தான் செய்யும். முட்டை, மீன், பருப்பு ஏதாவது ஒன்று கூட இருந்தால் இன்னும் நல்லது. கப்பில் விற்கும் சோளத்தில் ஊற்றும் மார்ஜரினும் இனிப்புப் பாலும் வேறு கணக்கு. குஞ்சத்தை அவித்த தண்ணீர் குடித்தால் சீனி இறங்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி.

எனக்கு ஒரே சந்தோஷம். அன்று மதியம் சோற்றைக் குறைத்து, மீன் குழம்போடு, பாதிக் கருதைப் பக்குவமாக வேகவைத்து அம்மா முன்னால் வைத்தேன். முத்து ஒவ்வொன்றும் வாயில் வெடித்து இனித்தது. பிள்ளைகள் ஆளுக்கொன்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்கள்.

அம்மா ஒரு கடி கடித்தார். தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

"ஏம்மா? அவங்கதான் சாப்பிடலாம்னு சொன்னாங்களே?"

"சாப்பிடுறேம்மா, அப்புறமா."

அப்போதுதான் அவர் தட்டைப் பார்த்தேன். மீனை உதிர்த்துச் சோற்றோடு கூழாகப் பிசைந்து வைத்திருந்தார். வெண்டைக்காய் தொடப்படவில்லை. யோசித்துப் பார்த்தால், எங்களோடு வந்து தங்கிய இந்த எட்டு மாதத்தில் அம்மா கடித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததாகவே நினைவில்லை. காலையில் காப்பியில் நனைத்த ரொட்டி. இரவில் இட்டிலி, அதுவும் சாம்பாரில் ஊறிக் கரைந்தது. ரவிக்கை தோளில் தொளதொளவென்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்பா போன துக்கம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"வாயைக் காட்டும்மா" என்றேன். காட்ட மாட்டேன் என்றார். சின்னப் பிள்ளையிடம் கெஞ்சுவது மாதிரி கெஞ்சிய பிறகு பல் செட்டைக் கழற்றினார். கீழ் ஈறில் ஒரு பக்கம் சிவந்து புண்ணாகியிருந்தது.

"எத்தனை நாளா?"

"அப்பா போறதுக்கு முன்னாலேயே ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அந்த நேரத்துல பல்லைப் பத்தி எப்படிச் சொல்றது? அப்புறம் இங்க வந்துட்டேன். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே எவ்வளவோ செலவு."

வாரா வாரம் பக்கம் பக்கமாகச் சமையல் எழுதுகிற எனக்கு, என் வீட்டுத் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்று தெரியவில்லை. சீனி என்று அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பல் மருத்துவர் விளக்கினார்: வயதாக ஆக ஈறும் தாடை எலும்பும் சுருங்கும், உடம்பு இளைத்தால் செட் இன்னும் தளர்ந்துபோகும். அது ஆட ஆட ஈறு உரசிப் புண்ணாகும். சீனி உள்ளவர்களுக்குப் புண் ஆறவும் நாளாகும். புதுச் செட் தேவையில்லை, புண் ஆறியதும் உள்பக்கத்தை மறுபடி அளவெடுத்துச் சரிசெய்யலாம் என்றார். புண் ஆறும்வரை செட்டைப் போடாமல் மென்மையான உணவு.

அம்மா சொன்ன சோள அடை

"கருதைக் கடிக்க முடியாட்டி துருவிக்கலாமே. எங்கம்மா அப்படித்தான் தாத்தாவுக்குச் செய்வாங்க" என்றார் அம்மா அன்று ராத்திரி. இதை எட்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் சோளமும் மரவள்ளியும் போட்டிருந்தார்களாம். அது இப்போதைய இனிப்புச் சோளம் இல்லை, நாட்டுச் சோளம். பிஞ்சாக இருக்கும்போதே ஒடித்தால் அதிலும் பால் இருக்கும். பால் மரம் வெட்டிவிட்டு வந்த பாட்டி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தான் கருது ஒடிக்கப் போவாராம். காரின் பின்பெட்டியில் ஏறக்குறைய இரண்டு நாள் வைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை!

செய்முறை: மூன்று கருதைத் தேங்காய் துருவும் துருவியிலோ, காய்கறித் துருவியின் பெரிய துளையிலோ துருவுங்கள். தோல் தண்டோடு நின்றுவிடும், பாலும் சதையும் மட்டும் கிண்ணத்தில் விழும். ஏறக்குறைய ஒன்றரை கப் வரும். அதோடு கால் கப் கடலை மாவு, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, பொடியாக நறுக்கிய ஆறு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், சிறிது இஞ்சி, அரைத் தேக்கரண்டி சீரகம், கறிவேப்பிலை, உப்பு. தண்ணீர் வேண்டாம், சோளப்பாலே போதும். கரண்டியில் எடுத்தால் மெதுவாக விழ வேண்டும். தளர்த்தியாக இருந்தால் இன்னும் ஒரு கரண்டி கடலை மாவு சேருங்கள்.

தோசைக்கல்லில் நடுத்தரத் தீயில் உள்ளங்கை அளவு ஊற்றி, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூடி போட்டு மூன்று நிமிடம். திருப்பி இன்னும் இரண்டு நிமிடம். அவசரப்பட்டுத் திருப்பினால் பிய்ந்துவிடும். ஓரம் சிவந்து தானாக எழும்பும்வரை பொறுங்கள். வெளியே லேசான மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. தேங்காய்ச் சட்டினி வேண்டியதில்லை, சும்மாவே இனிக்கும்.

அம்மா அன்று இரண்டு சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துச் சீனி பார்த்தோம்: 8.1. அவருக்கு மருத்துவர் சொன்ன அளவுக்குள்தான் இருந்தது.

மிச்சத்தில் மூன்று

முத்தை வெட்டி எடுக்க, கருதை முதலில் இரண்டாக உடைத்து, தட்டையான பக்கம் கீழே வரும்படி அகலப் பாத்திரத்தில் நிறுத்தி மேலிருந்து கீழாகச் சீவுங்கள். முத்துகள் வீடெல்லாம் ஓடாது. ரொம்ப ஆழமாக வெட்டாமல், பிறகு கத்தியின் முதுகால் தண்டை வழித்தால் பாலும் கிடைக்கும்.

சுண்டல்: இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம் பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, மூன்று கருதின் பச்சை முத்தைப் போட்டுப் பெரிய தீயில் நாலு நிமிடம் கிளறுங்கள். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்தால் போதும். உப்பு, தேங்காய்த் துருவல், மாங்காய் இருந்தால் பொடியாக நறுக்கி. இறக்கியபின் கஸ்தூரி எலுமிச்சை. மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப் போனாலும் கெட்டிப்படாது.

ஜாகோங் பலகாரம்: இரண்டு கப் முத்தில் பாதியை ஒன்றிரண்டாக இடித்து, ஐந்து மேசைக்கரண்டி கோதுமை மாவு, ஒரு கரண்டி அரிசி மாவு, ஒரு முட்டை, வெங்காயம், சிவப்பு மிளகாய், கழுவிய ஒரு பிடி நெத்திலி சேர்த்துக் கரண்டி கரண்டியாகப் பொரித்தெடுங்கள். நெத்திலியில் உப்பு இருக்கிறது, பார்த்துப் போடுங்கள். முழு முத்து எண்ணெயில் வெடிக்கும், இடிப்பதைத் தவிர்க்காதீர்கள். மழை பெய்யும் சாயங்காலத்துக்கு இதற்கு ஈடில்லை.

தண்டு சூப்: முத்தெடுத்த தண்டுகளை எறியாதீர்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு துண்டு இஞ்சியோடு அரை மணி நேரம் கொதித்தால் இனிப்பான சாறு இறங்கும். தண்டை எடுத்துவிட்டு, கேரட், ஒரு பிடி முத்து, மிளகுத்தூள், உப்பு போட்டு, முட்டையை அடித்து நூலாக ஊற்றுங்கள். காய்ச்சலில் படுத்த பிள்ளையும் குடிக்கும், பல் இல்லாத பெரியவர்களும் குடிப்பார்கள். இதே சாற்றில் ஜவ்வரிசி, பாண்டான் இலை, தேங்காய்ப்பால், கொஞ்சம் சீனி சேர்த்தால் புபோர் ஜாகோங். அது எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு மட்டும்.

மலிவாகக் கிடைத்து நிறைய வாங்கிவிட்டீர்களா? நாலு நிமிடம் அவித்து, உடனே பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு ஆறவைத்து, முத்தைச் சீவி, பையில் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். சில மாதங்கள் நன்றாக இருக்கும். தேவையானதை உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் செட் போன வாரம் சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது, கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, பேரனோடு உட்கார்ந்து மட்டை உரித்துக்கொண்டிருந்தார். வரிசையை எண்ணச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. "பதினாறு பாட்டி!" என்று கத்தினான் இளையவன்.

"அடுப்புல தண்ணி கொதிக்குது. கைகால் கழுவிட்டு வா" என்றார் அம்மா. எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் அடுப்படியில் எனக்கு உத்தரவு போட்டார்.

பாதிக் கருதுதான் சாப்பிட்டார். தட்டில் வெறும் தண்டு மட்டும் இருந்தது.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரம் சோளம் வாங்குங்கள். "வேணாம்மா" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஏன் வேண்டாம் என்று இன்னும் ஒரு தடவை கேளுங்கள்.